டெமோ பீஸ் என்று சொல்லி 2,35,000 ரூபாய்: பெங்களூரில் ஹை-எண்ட் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்று மதியம்தான் கடையிலிருந்து கடைசி பதில் வந்தது. "பில்லைப் படிச்சுப் பாருங்க சார், டெமோ பீஸுக்கு ரிட்டர்ன் கிடையாதுன்னு போட்டிருக்கு." 2,35,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ஆம்ப்ளிஃபயருக்கு (பாட்டின் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) அவர்கள் சொன்ன கணக்கு இவ்வளவுதான். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இன்னொருவர் அதே சோபாவில் உட்கார்ந்து பணம் கட்டிவிடுவார். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க சத்தம் உறிஞ்சும் பேனல், அப்பாயிண்ட்மென்ட் வாங்கிக்கொண்டு போய்க் கேட்கும் தனி அறை. பெங்களூரில் இந்த மாதிரி ஷோரூம்கள் சில இருக்கின்றன, அதில் ஒன்று.

உரிமையாளர் வேலூர்ப் பக்கத்துக்காரர். நான் அல்சூரில் இருக்கிறேன் என்றதும் தமிழுக்கு மாறிவிட்டார். காபி வந்தது. பட்ஜெட் என்ன என்று கேட்கவில்லை, என்ன பாட்டு கேட்பீர்கள் என்று கேட்டார். கர்நாடகக் கச்சேரிப் பதிவுகள் என்றேன். உடனே ஒரு மிருதங்கத் தனி போட்டார். வலப்பக்கத் தோலான வலந்தலையில் விழும் அடியும் இடப்பக்கத் தொப்பியின் ஆழ்ந்த கும்கி ஒலியும் தனித்தனியாகக் கேட்டன. "தம்பி, நம்ம ஊர் ஆளுங்ககிட்ட நான் மாத்திப் பேசுவேனா? டிஸ்ப்ளேல இருந்த பீஸ், மூணே மாசம் ஓடியிருக்கு. கம்பெனி வாரண்டி அப்படியே இருக்கு." அந்த வார்த்தையை நம்பித்தான் பணம் கொடுத்தேன். "கார்டு வேண்டாம், பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணிடுங்க, நானும் கொஞ்சம் குறைச்சுக்கிறேன்" என்றார். குறைத்த பிறகு வந்த தொகைதான் 2,35,000.

அந்த டெமோவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். 90,000 ரூபாய் ஆம்ப் ஒன்றையும் இதையும் மாற்றி மாற்றிப் போட்டார். இரண்டிலும் வால்யூம் குமிழை ஒரே இடத்தில் வைத்துக் காட்டி, "பாருங்க, ரெண்டும் ஒரே சவுண்டு" என்றார். அது உண்மையில்லை. ஒவ்வொரு ஆம்ப்பின் கெயினும், அதாவது சிக்னலை எத்தனை மடங்கு பெருக்கும் என்பதும், வேறு. குமிழ் ஒரே இடத்தில் நிற்பதால் ஸ்பீக்கருக்குப் போகும் வோல்டேஜ் ஒன்றாகிவிடாது. ஒரு டெசிபல் கூடினாலே காது அதைச் 'சத்தம் கூட' என்று எடுத்துக்கொள்வதில்லை. 'தெளிவாக இருக்கிறது, நிறைவாக இருக்கிறது' என்றுதான் எடுத்துக்கொள்ளும். சத்தம் ஏற ஏற பாஸ் இன்னும் நன்றாகக் கேட்கும் என்பதை 1933-லேயே அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். பெட்டியைக் கண்ணால் பார்த்தபடி கேட்டால் தீர்ப்பு மாறுகிறது என்பதை 1994-ல் ஒலி ஆராய்ச்சியாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஸ்பீக்கர்களை வைத்து நிரூபித்தார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

ஆம்ப் வீட்டுக்கு வந்தது. கூடவே 'பவர் கண்டிஷனர்' என்று ஒரு கனமான கறுப்புப் பெட்டி, இலவசமாம். "இதை எடுத்துட்டு ஆம்ப்பை நேரா சுவர் பிளக்ல மாட்டாதீங்க, சவுண்ட் ஸ்டேஜ் போயிடும், வாரண்டியும் போயிடும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். (சவுண்ட் ஸ்டேஜ் என்றால், பாடகரும் வாத்தியங்களும் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று கேட்கும்போது தோன்றும் உணர்வு.) பெட்டியிலிருந்து எப்போதும் ஒரு உர்ர் சத்தம். வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் ஆம்ப் தானாகவே ஆஃப் ஆகிவிடும்.

ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் வேலை செய்யும் நண்பர் வந்து பார்த்தார். முதலில் ஒரு டெஸ்ட் டோன் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, என் பழைய ஆம்ப்பையும் இதையும் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவந்தார். அப்புறம் எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றினார். எனக்கும் என் மனைவிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அடுத்து ஆம்ப்பின் பின்பக்கம் கடை ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தார். கீழே '100 வோல்ட்' என்று இருந்தது. ஜப்பான் நாட்டுக்குள் விற்கும் மாடல். அந்தக் கறுப்புப் பெட்டி வெறும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், நம் 230 வோல்ட்டை 100 ஆக்குவதற்கு. அதிலும் இந்த ஆம்ப் இழுக்கும் கரண்டுக்குப் போதாத அளவு.

பணத்தைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆம்ப்பின் பின்னால் மாட்டுவது கம்ப்யூட்டருக்கு மாட்டும் அதே பவர் கார்டுதான் (கரண்ட் வயர்). வீட்டில் யாராவது விவரம் தெரியாமல் அந்த மாதிரி வயர் ஒன்றை எடுத்து ஆம்ப்பை நேராகச் சுவர் பிளக்கில் செருகியிருந்தால்? நெருப்பு பிடித்திருந்தால் யார் பொறுப்பு? காரணத்தைச் சொல்லாமல் 'சவுண்ட் ஸ்டேஜ்' என்று ஒரு கதை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

சீரியல் எண்ணை அந்த பிராண்டின் இந்திய இறக்குமதியாளருக்கு அனுப்பினேன். நாங்கள் கொண்டுவந்த பீஸ் இல்லை, வாரண்டி கிடையாது என்று ஒரே வரியில் பதில்.

கடையில் கேட்டால் முதலில் "உங்க வீட்டு எர்த்திங் சரியில்லை" என்றார்கள். அப்புறம் 18,000 ரூபாய் பவர் கார்டு வாங்கிப் போட்டால் சரியாகும் என்றார்கள். அப்புறம் "சார் ஊர்ல இல்லை". வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. நேரில் போனால், நம்ம ஊர் என்று தமிழில் பேசிய அதே மனிதர் இங்கிலீஷில் பேசுகிறார். பில்லை எடுத்துப் பார்த்தால் பொருள் விவரத்தில் 'ஆம்ப்ளிஃபயர் – 1' என்று மட்டும் இருக்கிறது. மாடலும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. 2,35,000 ரூபாய்ப் பொருளுக்கு ஒற்றை வரி விவரம்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும் முன் பின்பக்கத்தைப் போட்டோ எடுங்கள். வோல்டேஜும் சீரியல் எண்ணும் தெரிய வேண்டும். ஸ்டிக்கர் மறைத்திருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை இறக்குமதியாளருக்கு நீங்களே அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். டெமோவில் உங்கள் பாட்டைப் போடுங்கள், மல்டிமீட்டரால் சத்தத்தைச் சமப்படுத்தாமல் எந்த ஒப்பீட்டையும் நம்பாதீர்கள். முடிந்தால் கார்டில் கட்டுங்கள், வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்வது) கேட்க வழி இருக்கும். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 2 வருடத்துக்குள்.

நான் 1915-ல் பதிந்துவிட்டேன். அடுத்தது வக்கீல் நோட்டீஸ். அந்தக் கடையில் '100 வோல்ட்' பீஸ் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் மெசேஜ் போடுங்கள், சேர்ந்தே வழக்குப் போடலாம். ஆம்ப்பை மட்டும் தயவுசெய்து நேரடியாகச் சுவர் பிளக்கில் மாட்டிவிடாதீர்கள்.