நிரப்பத் தெரியும், வடிக்கத் தெரியாது: 50 வாட் பேலன்ஸ் சார்ஜர் ஒரு மதிப்பீடு

ரேடியோ கட்டுப்பாட்டு விமானங்களிலும் கார்களிலும் இறங்குகிற பெரும்பாலோரின் கையில் ஏதோ ஒரு கட்டத்தில் வந்து சேர்வது, ஆறு லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி செல்கள் வரை ஏற்றக்கூடியதும், அதிகபட்சம் 50 வாட் திறனுள்ளதும், இரண்டு வரித் திரையும் நான்கு பொத்தான்களும் கொண்டதுமான அந்தச் சிறிய பெட்டிதான். ஏறக்குறைய ஒரே உள்ளமைப்பு பல பெயர்களில் விற்கப்படுவதால், எந்த முத்திரையையும் குறிப்பிடாமல் அந்த வகையையே இங்கு மதிப்பிடுகிறேன். பெட்டியின் மேல் மின்னேற்ற வேகம் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். மின்னிறக்கத் திறனோ கையேட்டின் விவரக்குறிப்புப் பட்டியலில் எங்கோ ஓர் ஓரத்தில் கிடக்கும். செல்களைக் கோத்துச் செய்த பேட்டரித் தொகுதிகளின் ஆயுளைப் பொறுத்தவரை என் கவலையெல்லாம் அந்த ஓரத்து எண்ணைப் பற்றியதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். லிப்போ மின்னேற்றத்தில் முதல் கட்டத்தில் மின்னோட்டம் மாறாமல் இருக்கும். செல் ஒன்றுக்கு 4.20 வோல்ட் எட்டியதும் மின்னழுத்தத்தை அங்கேயே நிறுத்தி, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, அது தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்குக்கு வந்ததும் சார்ஜர் முடித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெட்டி அதைச் சரியாகவே செய்கிறது. மூன்று செல் தொகுதி ஒன்றை ஏற்றி முடித்தவுடன், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே தொடும் பேலன்ஸ் இணைப்பியின் கம்பிகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு செல்லும் 4.19க்கும் 4.20க்கும் இடையில்தான் நிற்கிறது. ஆனாலும் இதே தோற்றத்தில் வரும் மலிவுப் பிரதிகளை வாங்குபவர்கள், திரையில் தெரியும் எண்ணை நம்பிவிடாமல், நம்பகமான மீட்டரால் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். லிப்போவில் நூறில் சில பங்கு வோல்ட்டுக்குக்கூட விலை உண்டு.

திறன் வரம்பு பலருக்குப் புரியாமல் போகிற இடம். ஐந்து ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், 50 வாட்டைத் தொகுதியின் மின்னழுத்தத்தால் வகுத்தால் வருவதுதான் உண்மையில் கிடைக்கும். 2200 மில்லியாம்பியர் மணி கொண்ட மூன்று செல் தொகுதியை 1சி வேகத்தில் (கொள்ளளவை ஒரு மணி நேரத்தில் நிரப்பும் வேகம்), அதாவது 2.2 ஆம்பியரில் ஏற்ற, இறுதிக் கட்டத்தில் 12.6 வோல்ட்டில் சுமார் 28 வாட் போதும். அங்கே இந்தச் சார்ஜருக்கு வியர்க்கவே வியர்க்காது. அதுவே 5000 மில்லியாம்பியர் மணி கொண்ட ஆறு செல் தொகுதி என்றால், 25.2 வோல்ட்டை நெருங்கும்போது இரண்டு ஆம்பியர்தான் மிஞ்சும். ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரத்தை நோக்கி நீளும். இடையில் 120 நிமிடப் பாதுகாப்பு நேரவரம்பு குறுக்கிட்டு வேலையை அரைகுறையாக நிறுத்திவிடவும் கூடும். அந்த வரம்பைத் தொகுதிக்கேற்ப நீட்டலாம். முற்றிலும் அணைத்து வைப்பதை மட்டும் ஏற்க முடியாது.

செல்களைச் சமப்படுத்தும் சுற்று, உயர்ந்து நிற்கும் செல்லிலிருந்து மட்டும் சிறிதளவு மின்னோட்டத்தை மின்தடையின் வழியாக வெப்பமாக்கி வெளியேற்றி, மற்றவை வந்து சேரக் காத்திருக்கும் எளிய ஏற்பாடு. அதன் அளவு செல்லுக்கு 300 மில்லியாம்பியர் என்று கையேடு சொல்கிறது. பெரிய தொகுதியில் ஒரு செல் 150 மில்லியாம்பியர் மணி முந்தியிருந்தால், அதைச் சரிசெய்யவே அரை மணி நேரம் பிடிக்கும். ஆரோக்கியமான தொகுதிகளுக்கு இது போதுமானது. ஒவ்வொரு முறையும் சமப்படுத்த நெடுநேரம் கேட்கும் தொகுதி இருந்தால், குறை பெரும்பாலும் சார்ஜரில் இல்லை, அந்தத் தொகுதியில் ஒரு செல் தளர்ந்துவருகிறது என்று கொள்ளலாம்.

இனி அந்த ஓரத்து எண்ணுக்கு வருகிறேன். மின்னிறக்கத் திறன் 5 வாட். முழுதாக ஏற்றிய லிப்போவைப் பல நாள் அப்படியே வைத்தால், உயர்ந்த மின்னழுத்தத்தில் நேர்மின்வாயின் பரப்பில் மின்பகுபொருள் மெல்லச் சிதைந்து வாயு உண்டாகிறது. செல் உப்புகிறது, உள்மின்தடை ஏறுகிறது. வெயில் காலத்தில் இது இன்னும் வேகம் பிடிக்கிறது. செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட் வரை இறக்கி வைப்பதே சேமிப்பு நிலை. காற்று பலமாக வீசியதால் பறக்கவிடாமல் திரும்பிய மாலையில் நிரம்பிய தொகுதிகளைச் சேமிப்பு நிலைக்குக் கொண்டுவருவதுதான் பராமரிப்பின் சாரம், அந்த வேளையில்தான் இந்தப் பெட்டி கையை விரிக்கிறது. 2200 மில்லியாம்பியர் மணி மூன்று செல் தொகுதி ஒன்றில் வெளியேற்ற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 12 வாட் மணி. ஐந்து வாட்டில் அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 5000 மில்லியாம்பியர் மணி நான்கு செல் தொகுதியென்றால் ஆறு மணி நேரத்தைத் தாண்டும். அதுபோல் இரண்டு மூன்று தொகுதிகள் இருந்தால், அருகில் ஆள் இருந்துகொண்டே முடிக்க வேண்டிய வேலை விடிய விடிய நீளும்.

இதைத் தயாரிப்பாளரின் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வடிக்கப்படும் ஆற்றல் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகிறது. உள்ளங்கையளவுப் பெட்டியும் கிறீச்சிடும் சிறு விசிறியும் அதற்கு மேல் தாங்காது. நான் கண்ட மாற்று வழி, கார்களில் பயன்படும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை மூன்று செல் தொகுதியில் இணைப்பதுதான்: ஏறத்தாழ 1.75 ஆம்பியர் ஓடும், இரண்டு மணி நேர வேலை முப்பத்தைந்து நிமிடத்தில் முடியும். பல்பு தானாக நிற்காது என்பதால், பேலன்ஸ் இணைப்பியில் செருகும் மின்னழுத்த அலாரத்தை 3.80 வோல்ட்டில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும்; பல்பும் கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும்.

நிக்கல் தொகுதிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிரம்பியதும் மின்னழுத்தம் உச்சத்திலிருந்து சில மில்லிவோல்ட் சரிவதைக் கண்டு நிறுத்தும் முறை இதிலும் உண்டு. மின்னோட்டத்தை மிகவும் குறைத்து வைத்தால் அந்தச் சரிவு மங்கிப்போய் சார்ஜர் அதைத் தவறவிடும் என்பதால், 0.5சிக்குக் குறையாமல் வைப்பது நல்லது.

திரையில் வரும் தேர்வுப் பட்டியலின் அமைப்புதான் எனக்கு உறுத்துகிறது. லிப்போ, லைஃப் (லித்தியம் இரும்பு பாஸ்பேட்), நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஆகிய மின்னேற்றத் திட்டங்கள் ஒரே பொத்தானின் அடுத்தடுத்த அழுத்தங்களில் வருகின்றன. லிப்போவை நிக்கல் திட்டத்தில் தொடங்கினால், 4.20 வோல்ட் வரம்பு அங்கே இல்லாததால் செல்கள் மிகைமின்னேற்றம் பெற்றுத் தீப்பற்ற வாய்ப்புண்டு. லிப்போ பேலன்ஸ் திட்டத்தில் செல்களின் எண்ணிக்கையைத் தானாகக் கண்டறிந்து உறுதி கேட்கிற பெட்டி, பேலன்ஸ் இணைப்பி செருகப்பட்டிருக்கும்போது நிக்கல் திட்டத்தை மறுத்துவிடக் கூடாதா?

உடன் வரும் கம்பிகள் சுமார் ரகம். வாழைப்பழ வடிவ முனைகளைச் சார்ஜரில் முதலில் செருகிய பின்னரே தொகுதியை இணைக்க வேண்டும். வரிசை மாறினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முனைகளும் உரசி, தொகுதி அந்தக் கணமே குறுக்குச்சுற்றாகிவிடும். முனைகளுக்கு உறையிட்ட கம்பி ஒன்றைத் தயாரிப்பாளர் வைத்திருந்தால் இந்த எச்சரிக்கைக்கே வேலையிருக்காது. கையேடும் இதைப் பற்றிப் போதுமான அழுத்தத்துடன் பேசவில்லை. தீப்பிடிக்காத பரப்பில் வைத்து ஏற்றுவதையும் உப்பிய தொகுதியை ஏற்றாமலிருப்பதையும் மட்டும் நன்றாகவே சொல்கிறது.

நேரத்தை மிச்சப்படுத்தப் பலர் பரிந்துரைக்கும், பல தொகுதிகளை இணையாகச் சேர்த்து ஒரே நேரத்தில் ஏற்ற உதவும் பேரலல் பலகையை இதனுடன் வாங்குவதில் பொருளில்லை. 2200 மில்லியாம்பியர் மணி மூன்று செல் தொகுதிகள் இரண்டை ஒன்றாக 4.4 ஆம்பியரில் ஏற்றவே 55 வாட் வேண்டும். இரண்டாவது தொகுதியிலேயே வரம்பு மீறப்படுகிறது. மூன்றாவதைச் சேர்த்தால் திறன் கூடாது, ஏற்றும் நேரம்தான் நீளும். மின்னழுத்தம் ஒத்துப்போகாத தொகுதிகள் ஒன்றுக்கொன்று கட்டுப்பாடின்றி மின்னோட்டம் பாய்ச்சிக்கொள்ளும் ஆபத்து மட்டும் கூடுதலாக வந்து சேரும்.