எம்-35ஆ, உராலா: எந்தப் பட்டாளத்து லாரிக்கு ஆயுசு கெட்டி?

பழைய இராணுவ லாரிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அந்தக் காலத்து இரும்புப்பா, அதான் உழைக்குது" என்று யாராவது ஒருவர் சொல்லி விஷயத்தை முடித்துவிடுவார். எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிவிட்டது. கனத்த இரும்பில் செய்த எத்தனையோ லாரிகள் சீக்கிரமே காயலான் கடைக்குப் போயிருக்கின்றன. அமெரிக்காவின் எம்-35ஐயும் சோவியத் நாட்டு உராலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் விஷயம் விளங்குகிறது. இரண்டும் அரை நூற்றாண்டு வேலை பார்த்தவை, ஆனால் பிழைத்துக் கிடந்த வழி வேறு வேறு. ஒன்று தன் எஞ்சினால் பிழைத்தது, மற்றது தன் எஞ்சினைத் தூக்கிப் போட்டதால் பிழைத்தது.

முதலில் ஆள் அறிமுகம். எம்-35, மிச்சிகன் மாநிலத்து லான்சிங்கில் இருந்த ரியோ நிறுவனம் வடிவமைத்தது. 1950 வாக்கில் படைக்கு வந்தது. மூன்று ஆக்சில் (சக்கர அச்சு), மூன்றுக்கும் இழுவை உண்டு. கரடுமுரடான தரையில் இரண்டரை டன் ஏற்றலாம் என்பது கணக்கு, அதனால் சிப்பாய்கள் வைத்த பெயர் 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்', அதாவது 'ரெண்டரை'. நல்ல சாலையில் அதற்கு இரட்டிப்பாகவே ஏற்றுவார்கள். உரால்-375, உரால் மலையடிவாரத்து மியாஸ் ஊரில் 1961இல் தொடங்கியது, அதுவும் மூன்று ஆக்சில்தான், ஆனால் உடம்பு ஒரு சுற்று பெரிது, சுமையும் நாலரை டன்னுக்குக் குறையாது. எடைப் பிரிவே வேறு, இதை எப்படி அதோடு ஒப்பிடலாம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். நான் பார்ப்பது யார் அதிகம் தூக்குகிறார் என்பதை இல்லை, யார் அதிக நாள் நிற்கிறார் என்பதை.

இந்த இரண்டும் ஒரு வகையில் பங்காளிகள் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கடனுதவியாக சோவியத்துக்கு ஸ்டூடிபேக்கர் யுஎஸ்-6 லாரிகளைக் கப்பல் கப்பலாக அனுப்பியது, ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கத்யூஷா ராக்கெட் குழாய்களைத் தூக்கிக்கொண்டு திரிந்ததில் பெரும்பகுதி அந்த லாரிதான். போர் முடிந்ததும் ரஷ்யர்கள் அதன் அனுபவத்தை வைத்து 1948இல் ஸிஸ்-151 என்று ஒன்று செய்தார்கள். அதற்கு ஸில்-157 வாரிசு, பிறகு உரால் வந்தது. அதே ஸ்டூடிபேக்கர் கம்பெனி இந்தப் பக்கம் அமெரிக்காவில் ஒப்பந்தம் எடுத்து சவுத் பெண்டில் எம்-35 வகை லாரிகளைச் செய்துகொண்டிருந்தது. பங்காளிச் சண்டைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சக்கரத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இங்கே எனக்குத் துளியும் சந்தேகமில்லை, உரால்தான். எம்-35க்குப் பின்னால் இரட்டை டயர், மொத்தம் பத்து. நம் ஊர் சரக்கு லாரி மாதிரியே. தார்ச்சாலையில் இது அருமை, ஒன்று பஞ்சரானால் மற்றது தாங்கும். சேற்றில் என்ன ஆகிறது? முன்சக்கரம் ஒற்றை, அது ஒரு தடம் போடுகிறது. பின்னால் வரும் இரட்டை அந்தத் தடத்தில் அடங்காது, தனக்கென்று புதிதாக ஒரு தடத்தை உழுதுகொண்டே வரவேண்டும். எஞ்சின் பாதி சக்தியை உழவுக்கே செலவழிக்கும். போதாக்குறைக்கு இரண்டு டயருக்கு நடுவில் களிமண்ணும் கல்லும் சிக்கிக்கொள்ளும். ரஷ்யர்கள் இந்தப் பாடத்தை ஸிஸ்-151இலேயே படித்துவிட்டார்கள், அதுவும் இரட்டை டயர் போட்டுக்கொண்டு பனியில் தவித்த வண்டிதான். அடுத்த லாரியில் பெரிய ஒற்றை டயருக்கு மாறினார்கள், கூடவே ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே டயர் காற்றை இறக்கவும் ஏற்றவும் ஒரு ஏற்பாடு. மணல் வந்தால் காற்றை இறக்கு, டயர் பரந்து உட்காரும், தாண்டியதும் ஏற்றிக்கொள். உரால் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. வயதான வண்டியில் இந்தக் காற்றுக் குழாயும் சீலும் கசிந்து தொல்லை தரும் என்பதும் உண்மைதான். கசிந்தால் அடைத்துவிட்டு சாதாரண டயர் மாதிரி ஓட்ட வேண்டியதுதான்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். இதில்தான் சுவாரசியமே.

எம்-35 பிறந்தபோது பெட்ரோல் வண்டி. 1960களில் அதற்குள் காண்டினென்டல் வடிவமைத்த 'மல்டிஃப்யூயல்' எஞ்சின் வந்தது, 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர், 130–140 குதிரைசக்தி. டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் எது கிடைத்தாலும் ஊற்றலாம், ஆபத்துக்குப் பெட்ரோலும் கலக்கலாம். போர்க்களத்தில் எந்த எரிபொருள் லாரி முதலில் வந்துசேரும் என்று யாருக்குத் தெரியும், அதற்காகச் செய்தது. உள்ளே இருக்கும் சூட்சுமம் ஜெர்மனியின் மான் நிறுவனத்துடையது. சாதாரண டீசலில் எரிபொருளைக் காற்றுக்குள் பனிபோலத் தெளிப்பார்கள். இங்கே பிஸ்டன் தலையில் ஒரு உருண்டைக் குழி இருக்கிறது, அதன் சூடான சுவரில் எரிபொருளைப் பூசுகிறார்கள். எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் புகை மெல்ல மெல்ல எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி சுவரில் இருந்து ஆவி கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து வந்து எரியும். எல்லாம் ஒரே அடியில் பற்றாததால் பெட்ரோல் ஊற்றினாலும் எஞ்சின் தட்டாது. பெட்ரோல் டீசலைவிட லேசு, அதனால் பம்பில் அடர்த்தியை உணர்ந்து அளவைக் கூட்டிக் கொடுக்க ஒரு கருவி வேறு. பிற்காலத்துச் சொந்தக்காரர்கள் பலர் செய்கிற முதல் வேலை அந்தக் கருவியைக் கழற்றி வழியடைப்பதுதான், ஏனென்றால் கசியும், டீசல் மட்டுமே ஊற்றுகிறவனுக்கு அது தண்டம்.

டர்போ விஷயம் இன்னும் வேடிக்கை. இந்த எஞ்சின் கரும்புகை கக்கியது. எதிரிக்கு "நான் இங்கேதான் இருக்கேன்" என்று கொடி காட்டுவது மாதிரி. அதை அடக்கத்தான் முக்கியமாக டர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, மாட்டினார்கள், வேகத்துக்காக இல்லை. புகை குறைந்தது, ஆனால் முதலில் வந்த டர்போ காதைப் பிளக்கும் விசில் அடிக்கும். இன்றைக்கு அந்த விசிலுக்காகவே தேடி வாங்குகிற பித்தர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஆசை புரிகிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் கேபினில் உட்காரும் ஆசை மட்டும் புரியவில்லை. பவர் ஸ்டியரிங் பெரும்பாலானவற்றில் கிடையாது. நம் படையின் பழைய சக்திமான் லாரியை ஓட்டிய எங்கள் ஊர்ப் பட்டாளத்து மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அதென்னடா தம்பி பெரிய விஷயம், நாங்க ஸ்டியரிங்கைக் கையால திருப்பல, முதுகால திருப்பினோம்" என்றார்.

உராலின் எஞ்சின் கதை இதற்கு நேர்மாறு. 375இல் இருந்தது ஏழு லிட்டர் பெட்ரோல் வி-8, 180 குதிரைசக்தி. பலம் உண்டு, தாகம் அதைவிட உண்டு. நல்ல பாதையிலேயே லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர்தான், காட்டுப் பாதையில் அதுவும் இல்லை. முந்நூறு லிட்டர் டேங்க், அது போதாதென்று இன்னொரு அறுபது லிட்டர். இந்த வண்டியை இப்படியே விட்டிருந்தால் பெட்ரோல் செலவே அதைக் கொன்றிருக்கும். 1977இல் காமாஸ் என்ற இன்னொரு சோவியத் லாரிக் கம்பெனியின் டீசல் எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்தார்கள், 10.85 லிட்டர், 210 குதிரைசக்தி, பெயரை உரால்-4320 என்று மாற்றினார்கள். சேஸிஸ், ஆக்சில் எல்லாம் ஏறக்குறைய அதே ரத்தம். அதோடு முடியவில்லை. 1993 ஏப்ரலில் நாபெரெஷ்னியே செல்னியில் இருந்த காமாஸ் எஞ்சின் ஆலை தீப்பிடித்து எரிந்தது. எஞ்சின் வரத்து நின்றது. இன்னொரு கம்பெனியாக இருந்தால் மாடலையே ஊற்றி மூடியிருப்பார்கள். மியாஸ்காரர்கள் யாரோஸ்லாவ்ல் ஆலையின் டீசலை எடுத்துப் பொருத்தினார்கள். அது நீளம் கூடுதல், அதனால் பானெட்டை முன்னால் இழுத்துவிட்டார்கள். நீள மூக்கு உராலை எங்கேயாவது பார்த்தால் அந்தத் தீயின் தழும்பு என்று நினைத்துக்கொள்ளலாம். 4320 இன்னும் தயாரிப்பில் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், மூக்கு இருந்ததால்தான் இந்த மாற்று அறுவை சிகிச்சை சாத்தியமானது. பக்கத்திலேயே காஸ்-66 என்ற இன்னொரு சோவியத் லாரி இருந்தது, அதே காலம், 1964 முதல் 1999 வரை, பத்து லட்சத்தை நெருங்கும் எண்ணிக்கை. குட்டி லாரி, இரண்டு டன், மலையேறுவதில் ஆடு மாதிரி. அதற்கு மூக்கே கிடையாது, ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார், எஞ்சின் இரண்டு இருக்கைக்கும் நடுவில் புதைந்திருக்கும், கியர் கம்பி பின்பக்கமாக வளைந்து முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். பெரிய டீசலை நுழைக்க இடமே இல்லை. ஆப்கானிஸ்தானில் வேறொரு கொடுமை, முன்சக்கரம் கண்ணிவெடியில் ஏறினால் அதன் நேர் மேலே இருப்பது மனிதன். சுறுசுறுப்பான வண்டி, எனக்குப் பிடித்த வண்டியும்கூட, ஆனால் பெட்ரோல் வி-8ஐ நம்பிப் பிறந்து பெரும்பாலும் அதனோடே போய்ச் சேர்ந்தது.

ஜெர்மன் யூனிமாக் 404 பற்றி யாராவது கேட்பீர்கள். 1955–1980, அறுபத்து நாலாயிரம் சொச்சம் செய்தார்கள், ஆக்சிலைச் சக்கர மையத்தைவிட உயரத்தில் வைத்த அருமையான வேலைப்பாடு. 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 82 குதிரைசக்தி. படையில் இருந்து விலகியதும் தீயணைப்பு, அப்புறம் பாலைவனம் சுற்றுகிறவர்களின் நடமாடும் வீடு. அதை வேலை என்று சொல்வதா ஓய்வூதிய வாழ்க்கை என்று சொல்வதா தெரியவில்லை, இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை.

மறுபடி நம் பங்காளிகள். படைக்குள்ளேயே வேஷம் மாறியதில் இரண்டும் சளைத்தவை இல்லை. 1967இல் வியட்நாமில் 19ஆம் எண் சாலையில் அமெரிக்க சரக்கு வரிசை பதுங்கித் தாக்கப்பட்ட பிறகு, எம்-35 மேல் மணல் மூட்டை அடுக்கி இயந்திரத் துப்பாக்கி வைத்துக் காவல் வண்டியாக்கினார்கள். மழை பெய்தால் மணல் நனைந்து கனம் கூடும், லாரி நகராது. பிறகு இரும்புத் தகடு வந்தது, கடைசியில் அந்த வேலைக்கு ஐந்து டன் லாரியே தேவை என்று ஆனது. ரெண்டரையின் எல்லை அங்கே தெரிந்துவிட்டது. உரால்-375 முதுகில் 1963இலேயே கிராட் ராக்கெட் குழாய்கள் நாற்பது ஏறின, எஞ்சின் மாறியபோது குழாய்கள் 4320க்கும் போயின.

ஸ்பேர் விஷயத்தில்தான் எம்-35 தோற்கிறது என்பது என் கணிப்பு. மல்டிஃப்யூயல் எஞ்சின் அடிப்படையில் பட்டாளத்துச் சரக்கு, படை அதை ஸ்டோரில் வைத்திருக்கும் வரைதான் வாழ்வு. 1990களில் ஒரு பகுதி வண்டிகளுக்கு காட்டர்பில்லர் டீசலும் ஆட்டோமேட்டிக் கியரும் போட்டு எம்-35ஏ3 என்று ஆயுளை நீட்டினார்கள், ஆனால் அதற்குள் ஆஸ்திரிய வடிவமைப்பில் பிறந்த எஃப்எம்டிவி லாரிகள் வரிசையில் நின்றன. தென் கொரியாவில் கியா அதே வம்சத்தில் கே-511 என்று செய்து இந்த நூற்றாண்டு வரை ஓட்டினார்கள் என்பது வேறு கதை. காமாஸ் எஞ்சினோ வயல், கட்டடம், சுரங்கம் என்று சோவியத் முழுக்க ஓடியது, எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான். நம்மூர்க் கணக்கும் இதுதான். மான் உரிமத்தில் ஜபல்பூரில் 1959 முதல் வந்த சக்திமானுக்குப் படைதான் உலகம். அதன் இடத்துக்கு வந்த அசோக் லேலண்ட் ஸ்டாலியன் லாரி ஜப்பானின் ஹினோ வழி வந்த எஞ்சினோடு வந்தது, அந்தக் குடும்பத்து எஞ்சின் லேலண்டின் சாதாரண லாரி, பஸ்களிலும் ஓடியது. நாமக்கல் பட்டறையில் யாரும் அதைப் பார்த்து மிரளமாட்டார்கள்.

ஆக வேலைக்கு எது என்றால் உரால்-4320, யோசிக்கவே வேண்டாம். ஆனால் வார இறுதியில் பானெட்டைத் திறந்து கையைக் கறுப்பாக்கிக்கொள்ள ஒன்று வேண்டும் என்பவருக்கு எம்-35தான். ரகசியம் எதுவும் ஒளிந்திருக்காத வண்டி, மின்னணுப் பெட்டி கிடையாது, கம்பி எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடரலாம். வாங்குமுன் பிரேக்கை மட்டும் நன்றாகப் பாருங்கள். எம்-35இன் ஏ2 வகையில் பிரேக்குக்கு ஒரே ஒரு ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) சுற்றுதான், எங்காவது ஒரு குழாய் வெடித்தால் ஆறு சக்கர முனையிலும் ஒரே நேரத்தில் பிரேக் போய்விடும், ஆறு டன் வண்டி, கையில் மிச்சம் இருப்பது கைப்பிரேக் மட்டும். அப்புறம் இன்னொன்று, இந்த லாரிக்குச் சாவியே கிடையாது. சுவிட்சைத் தள்ளு, பொத்தானை அழுத்து, கிளம்பிவிடும். சிப்பாய் சாவியைத் தொலைத்துவிடக் கூடாதே என்று செய்த ஏற்பாடு, இன்றைய சொந்தக்காரர்கள் ராத்திரியானால் ஸ்டியரிங்கில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் தூங்கப் போகிறார்கள்.