தலைக்காயத்துக்குப் பின் வலிப்பும் வலியும்: எந்த மாத்திரை எதைத் தாங்கும்?

தலையில் அடிபட்டு ஒரு வாரம் கழிந்த பிறகு தானாக வரும் வலிப்பைத்தான் காயத்துக்குப் பிந்தைய கால்கை வலிப்பாக எடுத்துக்கொள்கிறோம். இவர்களில் பலருக்குத் தலைவலியோ நரம்பு வலியோ கூடவே இருக்கும். வலிப்பு மாத்திரைகளில் சில வலியையும் அடக்கும், சில வலியைத் தொடவே தொடாது. இதைப் பார்க்காமல் எழுதினால் வலிப்பு நின்றும் நோயாளி இரவெல்லாம் விழித்துக் கிடப்பார். தூக்கம் கெட்டால் வலிப்பு திரும்பும்.

எனவே முதலில் வலியின் வகையைப் பிரிக்க வேண்டும். வலிக்கும் இடத்தில் பஞ்சால் மெல்லத் தடவிப் பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் வெறும் தொடுதலாகத் தெரிவது இங்கே எரிச்சலாகவோ ஊசி குத்துவது போலவோ இருந்தால் நரம்பு வலி என்று சந்தேகிக்கலாம். தலைவலி நேரத்தில் சீப்பு பட்டாலே உச்சந்தலை வலித்தால் அது ஒற்றைத்தலைவலிச் சாயல்.

லெவிடிரசெட்டம்தான் பெரும்பாலும் முதலில் வரும். 500 மி.கி. காலை, இரவு. மற்ற மருந்துகளோடு அதிகம் மோதாது, சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்து அளவை முடிவுசெய்தால் போதும். ஆனால் நரம்பு வலிக்கு இதனால் பயன் இல்லை என்று ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. எரிச்சல், கோபம், மனச்சோர்வு ஆகியவையும் வரலாம். முன்மூளையில் அடிபட்டவரிடம் இதை வீட்டார் "அடிபட்டதால் வந்த குணம்" என்று விட்டுவிடுகிறார்கள். மாத்திரை தொடங்கிய தேதியையும் கோபம் தொடங்கிய தேதியையும் ஒப்பிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கார்பமசெபைன் இதற்கு நேர் எதிர். முகத்தில் மின்னல் வெட்டுவது போன்ற வலிக்கு முதல் தேர்வே இதுதான், மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் குவிய வலிப்புக்கும் நல்லது. 100 முதல் 200 மி.கி. வரை இருவேளையாகத் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். தன்னைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை இதுவே தூண்டிவிடுவதால், அதே அளவு சாப்பிட்டும் சில வாரங்களில் இரத்தத்தில் மருந்து குறையும். நான்காவது வாரத்தில் வலி திரும்பினால் மருந்து தோற்றது என்று அவசரப்படாமல் இரத்த அளவைப் பார்க்க வேண்டும். சோடியத்தையும் குறைக்கும். தலைக்காயமே சோடியத்தைக் குறைக்கக்கூடியது என்பதால் இங்கே ஆபத்து இரட்டிப்பு, குறைந்த சோடியமே வலிப்பை வரவழைக்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை ஆகியவற்றின் வேகமும் குறையும். ஆசிய வம்சாவளியினர் தொடங்கும் முன் எச்எல்ஏ-பி 1502 மரபணுச் சோதனை செய்துகொள்வது, கடுமையான தோல் உரிவு நோயிலிருந்து காக்கும்.

தலைவலிதான் முக்கியம் என்றால் போட்டி வால்ப்ரோயேட்டுக்கும் டொபிரமேட்டுக்கும். டொபிரமேட்டை வாரம் 25 மி.கி. வீதம் ஏற்றி, தலைவலிக்கு 100 மி.கி. வரை போவது வழக்கம். பேசும்போது சொல் நழுவுவது இதன் குறை. மூளைக்காயத்தால் ஏற்கெனவே சொல்லுக்குத் தடுமாறுபவருக்கு இதைத் தர எங்களுக்கு மனம் வராது. வால்ப்ரோயேட் எடையை ஏற்றும், கை நடுக்கம் தரும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும். எடுத்து வைத்த மண்டையோட்டுத் துண்டைத் திரும்பப் பொருத்தும் அறுவைக்கு முன் தட்டணு எண்ணிக்கை அவசியம். கருவுறக்கூடிய பெண்களுக்கு இது பொதுவாக ஆகாது.

காபாபென்டினும் பிரிகாபலினும் எரிச்சல் வலிக்குக் கைகொடுக்கும். ஆனால் வலிப்புக்கு இவற்றை மட்டும் நம்பக்கூடாது, துணை மருந்தாகவே சேர்க்க வேண்டும். காபாபென்டினின் அளவு கூடக்கூட உடல் ஈர்க்கும் விகிதம் குறைவதால் மூன்று வேளையாகப் பிரிக்கிறோம். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமிலநீக்கி சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். பிரிகாபலினுக்கு அந்தத் தடங்கல் இல்லை, 75 மி.கி. இருவேளை போதுமான தொடக்கம். கால் வீங்கும், எடை ஏறும். ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலிநிவாரணியோடு சேர்ந்தால் இரண்டுமே மூச்சை மந்தமாக்கும்.

வலி தாங்காமல் தாமாகவே டிரமடால் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவதுதான் எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது: அது வலிப்பைத் தூண்டும், கார்பமசெபைனோடு சேர்ந்தால் வலியையும் சரியாகக் குறைக்காது. அதேபோல், வலி தணிந்துவிட்டது என்று வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் கூடாது. மாற்றுவதாக இருந்தால் மருத்துவர் புதியதை ஏற்றியபின், பழையதைப் படிப்படியாக இறக்குவார்.