பயங்கரக் கனவுக்கு எம்.டி.எம்.ஏ சிகிச்சையா, கனவு ஒத்திகையா?

போரையும் 2004 சுனாமியையும் கண்ட, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் இன்னும் இரவுக்குப் பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். 'எக்ஸ்டசி' என்ற பெயரில் போதைக்கும் பயன்படும் எம்.டி.எம்.ஏ என்ற மருந்தைக் கொடுத்துச் செய்யும் உளச்சிகிச்சையின் ஆய்வுகளில் மனவடுவின் அறிகுறிகளோடு தூக்கமும் பலருக்குச் சீரானது. ஆனால் அது உடலை முடுக்கிவிடும் மருந்து. எடுத்த அன்றிரவு தூக்கம் கெடலாம், இரத்த அழுத்தமும் ஏறும். அவுஸ்திரேலியா 2023இல் அனுமதித்தது, அமெரிக்கா 2024இல் மறுத்தது. இங்கே அது தடைசெய்யப்பட்ட போதைப்பொருள்.

கனவு ஒத்திகை அப்படியல்ல. பகலில், விழித்திருக்கும்போது, கனவை நாமே மாற்றி எழுதுகிறோம்: கடல் ஏறி வருகிறது, ஆனால் அப்பா கையைப் பிடித்து மேட்டில் ஏற்றிவிடுகிறார். அதைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சில வாரம் பிடிக்கும், எல்லோருக்கும் கைகொடுக்காது. ஆனாலும் அப்படி இரவுக்குப் பயப்படும் ஓர் அம்மம்மாவுக்கு என்றால், பயிற்சி பெற்ற ஒருவரோடு இதைத்தான் முதலில் தொடங்கச் சொல்வேன்.