மேற்கு ஆஸ்திரேலியாவில் பழைய தங்க டிடெக்டர் வாங்க நினைப்போர் கவனத்திற்கு

பெர்த் நகரில் தனிநபர் விளம்பரம் ஒன்றைப் பார்த்து, மைன்லேப் நிறுவனத்தின் ஜிபிஎக்ஸ் 5000 என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு மெட்டல் டிடெக்டரை 2025 ஜூன் மாதத்தில் 2,900 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து வாங்கினேன். அது அந்த நிறுவனம் செய்த கருவியே அன்று. வெளிக்கூடு, எழுத்து, அட்டைப்பெட்டி, கையேடு என்று அனைத்தையும் அப்படியே நகலெடுத்துச் செய்யப்பட்ட போலி. அதை நம்பி 560 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கூல்கார்டி வரை சென்று, நான்கு நாள்கள் செம்மண் காட்டில் நடந்து, வெறுங்கையுடன் திரும்பிய பிறகுதான் உண்மை எனக்குத் தெரிந்தது. இங்கே தங்கம் தேடுவதைப் பொழுதுபோக்காகத் தொடங்கும் தமிழ் நண்பர்கள் சிலரும் இதே போன்ற விளம்பரங்களை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள் என்பதால், நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

எனக்கு இந்த ஆர்வம் புதியதன்று. என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற ஆஸ்திரேலிய முதியவர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குளிர்காலந்தோறும் தங்க வயல்களுக்குச் சென்று வருபவர். அவருடன் இரண்டு முறை போயிருக்கிறேன். அவர் இரவல் தந்த கருவியால் முதன்முதலில் 0.8 கிராம் எடையுள்ள தங்கத் துணுக்கு ஒன்றை மண்ணிலிருந்து எடுத்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் மனத்தில் இருக்கிறது. சொந்தமாகக் கருவி வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் மைன்லேப் ஜிபிஎக்ஸ் 6000 போன்ற புதிய கருவி ஒன்றின் விலை அப்போது எட்டாயிரம் டாலரை ஒட்டி இருந்தது. அதே ஆண்டில் தங்கத்தின் விலையும் அவுன்சுக்கு 5,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியதால், நல்ல பழைய கருவிகளும் சந்தைக்கு வந்த வேகத்தில் விற்றுப்போயின. அந்த நேரத்தில்தான், இரண்டு முறை மட்டுமே பயன்படுத்தப்பட்டது, உடல்நலக் குறைவால் விற்கிறேன் என்ற குறிப்போடு இந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

விற்றவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். வேறு இருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி 500 டாலர் முன்பணத்தை வங்கி வழியாக வாங்கிக்கொண்டார். மீதியை ரொக்கமாகவே வேண்டும் என்றார். வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு, மனைவி உறங்கிக்கொண்டிருப்பதாகக் கூறி, ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னார். கருவியைக் காரின் பின்பக்கத்திலேயே பூட்டி, ஒரு டாலர் நாணயத்தை, கருவியின் அடிமுனையில் இருக்கும் கம்பிச்சுருளான காயிலுக்கு முன்னால் இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினார். ஹெட்ஃபோனில் கணீரென்று ஒலித்தது. 1980இல் விக்டோரியா மாநிலத்துக் கிங்கோவர் அருகே ஒருவர் மெட்டல் டிடெக்டரால்தான் 27 கிலோ எடையுள்ள 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' தங்கக்கட்டியைக் கண்டெடுத்தார் என்ற கதையையும் சொன்னார். அந்தச் செய்தி உண்மைதான். உண்மையான செய்தி ஒன்றைப் பொய்க்குப் பக்கத்தில் வைத்தால் பொய்யும் நம்பத்தக்கதாகத் தோன்றிவிடுகிறது. புறப்படும்போது, தாம் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த 'தங்கம் கிடைக்கும் இடங்கள்' என்று நாற்பது ஜிபிஎஸ் குறியீடுகள் கொண்ட தாள் ஒன்றையும் 150 டாலருக்குக் கொடுத்தார். அதையும் வாங்கினேன்.

அந்த நாணயச் சோதனை ஏன் எதையும் நிரூபிக்காது என்பதை இங்கே விளக்க வேண்டும், ஏனெனில் ஏமாற்று வேலை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. ஜிபிஎக்ஸ் வகைக் கருவி காயிலுக்குள் மின்னோட்டத்தைத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் சட்டென்று நிறுத்துகிறது. நிறுத்திய கணத்தில் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி மெல்ல அடங்குகிறது. அந்த அடங்கும் குறிகையைத்தான் (சிக்னலை) கருவி ஒலியாக மாற்றுகிறது. காற்றில் ஆட்டப்படும் நாணயத்தை நூறு டாலர் பொம்மைக் கருவியும் கண்டுபிடித்துவிடும். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியத் தங்க வயல்களின் மண் இரும்புத்தாது நிறைந்த சிவப்பு மண்; அதன் மேற்பரப்பில் கிடக்கும் இரும்புக்கற்களும் மண்ணும் தாமே ஒரு குறிகையைத் திருப்பி அனுப்புகின்றன. அந்த இரைச்சலைக் கழித்துவிட்டு, அதற்குள் மறைந்திருக்கும் ஒரு கிராம் தங்கத்தின் மெல்லிய ஒலியைப் பிரித்துக் கேட்கச் செய்வதே இந்தக் கருவிக்குக் கொடுக்கும் விலையின் பெரும்பகுதி. மைன்லேப் நிறுவனத்துக்காக புரூஸ் கேண்டி வடிவமைத்து 1995இல் வெளிவந்த எஸ்டி 2000 முதல் இந்த வரிசைக் கருவிகள் அனைத்தும் பெயர் பெற்றது இந்த ஒரு திறனுக்காகத்தான். போலி செய்பவர்களால் வெளிக்கூட்டை நகலெடுக்க முடிகிறது. நான் வாங்கிய கருவியில் இந்தத் திறன் அறவே இல்லை.

ஜூலை மாதம் முதியவருடன் கூல்கார்டிக்குச் சென்றேன். 1892இல் ஆர்தர் பெய்லியும் வில்லியம் ஃபோர்டும் தங்கம் கண்ட ஊர் அது. பெய்லி 554 அவுன்ஸ் தங்கத்துடன் சதர்ன் கிராஸ் ஊருக்குக் குதிரையில் வந்து பதிவு செய்ததும் கூட்டம் கூட்டமாக மக்கள் அங்கே குவிந்தார்கள். அந்த நிலத்தை அன்று மண்வெட்டியோடும் பிற்காலத்தில் டிடெக்டரோடும் எத்தனையோ பேர் சல்லடை போட்டுச் சலித்துவிட்டார்கள். இன்று மீதமிருப்பவை ஆழத்தில் கிடக்கும் துண்டுகளும் மிகச் சிறிய துணுக்குகளுமே. நல்ல கருவியோடு பொறுமையாக நடப்பவருக்கே அவை அகப்படும் என்பதால், அங்கே போலிக் கருவியைக் கொண்டு செல்வதும் வெறுங்கையை வீசிக்கொண்டு நடப்பதும் ஒன்றுதான்.

முதல் நாளே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. இந்த வகைக் கருவியில் 'த்ரெஷோல்டு' என்று சொல்லும் மெல்லிய பின்னணி ரீங்காரம் ஒன்று தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். அது ஒரே சீராக இருந்தால்தான் அதில் ஏற்படும் சிறு ஏற்ற இறக்கத்தைக் காது பிடிக்கும். என் கருவியிலோ அது கொதிக்கும் எண்ணெயைப் போல ஓயாமல் பொரிந்துகொண்டே இருந்தது. இரும்புக்கல் ஒவ்வொன்றுக்கும் ஒலி வந்தது. காயிலைச் சற்று உயர்த்தினாலும் வந்தது. மண்ணின் தன்மைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் டைமிங் அமைப்பை நார்மலிலிருந்து ஃபைன் கோல்டுக்கும் என்ஹான்சுக்கும் மாற்றிப் பார்த்தேன். திரையில் எழுத்து மாறியது. காதில் எதுவும் மாறவில்லை. எனக்குத்தான் இயக்கத் தெரியவில்லை என்று எண்ணி, இரண்டு நாள்கள் என்னையே குறை சொல்லிக்கொண்டு நடந்தேன். இதுவரை இந்தக் கருவியைத் தொட்டிராத எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். விற்பவர்களும் அதை நம்பித்தான் விற்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலை, ஐம்பது அடி தள்ளி நடந்துகொண்டிருந்த முதியவர் கையசைத்து அழைத்தார். தம் பழைய ஜிபிஎக்ஸ் 4500க்கு ஓர் ஒலி கிடைத்த இடத்தில் காலணியின் நுனியால் கோடு கிழித்து, தோண்டுவதற்கு முன் நீ உன் கருவியை வைத்துப் பார் என்றார். இரண்டு கருவிகள் அருகருகே இயங்கினால் ஒன்றை ஒன்று குழப்பும் என்பதால் தம்முடையதை அணைத்தும் வைத்தார். நான் காயிலை மண்ணோடு ஒட்டி, மிக மெதுவாக, அந்தக் கோட்டின் மேல் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பலமுறை ஓட்டினேன். பொரியும் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. என்னுடையதை அணைத்துவிட்டு அவர் தம்முடையதை இயக்கினார். சற்றுத் தள்ளி நின்ற எனக்கே அவருடைய ஒலிபெருக்கியில் அந்த மென்மையான, ஏறி இறங்கும் ஒலி தெளிவாகக் கேட்டது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில், பிளாஸ்டிக் அகப்பையில் அள்ளிய மண்ணைப் பாதி பாதியாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்ததில், துவரம்பருப்பு அளவில், ஓரங்கள் மழுங்கிய ஒரு கட்டி வெளிப்பட்டது. நிறுத்துப் பார்த்தால் 2.4 கிராம்.

அதை அவர் என் உள்ளங்கையில் வைத்து என் கருவியின் முன் நீட்டச் சொன்னார், ஒலித்தது. பிறகு அதே கட்டியைத் தரையில் வைத்து இரண்டு விரற்கடை செம்மண்ணால் மூடினார். என் கருவிக்கு அது பக்கத்திலிருந்த இரும்புக்கல்லிலிருந்து வேறாகத் தெரியவில்லை. பேட்டரியைக் கழற்றிப் பார்த்தோம், நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தது. இந்தக் கருவியில் லித்தியம் பேட்டரியை முதுகுப் பட்டையில் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். மொபைல் தொடர்பு இல்லாத காட்டில், எவர் செய்தது என்றே தெரியாத ஒரு லித்தியம் பேட்டரியை மூன்று நாள்களாக முதுகில் சுமந்திருக்கிறேன் என்பது, பணம் போனதை விடவும் என்னை அதிகம் கலங்கச் செய்தது.

பெர்த் திரும்பியதும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கையில் வாங்கிய ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிட்டார். வரிசை எண்ணைச் சரிபார்த்தபோது அந்த எண்ணில் இந்தக் கருவி பதிவாகியிருக்கவில்லை. சார்ஜரில், ஆஸ்திரேலியாவில் விற்கும் மின்பொருள்களில் இருக்க வேண்டிய ஆர்சிஎம் குறி இல்லை. வேறு நாட்டுப் பிளக்கில் ஓர் அடாப்டர் மாட்டப்பட்டிருந்தது. கைப்பிடியின் ரப்பர் விளிம்பு ஒழுங்காக வெட்டப்படாமல் பிசிறு தட்டியிருந்தது. கூட்டைத் திறந்து காட்டியபோது உள்ளே மின்சுற்றுப் பலகையில் ஈயப்பற்று தாறுமாறாக வழிந்திருந்தது. போலியைப் பழுது பார்க்கவும் மாட்டார்கள், உத்தரவாதமும் இல்லை. ஜிபிஎக்ஸ் 5000இன் போலிகள் பற்றி மைன்லேப் நிறுவனமே பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. வாங்குவதற்கு முன் ஒரு மாலை நேரத்தைச் செலவிட்டு அதைப் படித்திருந்தால் தப்பியிருப்பேன்.

அந்த நாற்பது இடங்களின் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்லவேளையாக, புறப்படுவதற்கு முன்பே முதியவர் அதை, சுரங்க உரிம நிலங்களைக் காட்டும் அரசின் டென்கிராஃப் வரைபடத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பெரும்பாலானவை பிறருடைய நடப்பு உரிம நிலங்களுக்குள் இருந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 'மைனர்ஸ் ரைட்' என்னும் அனுமதிச் சீட்டை ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுவதும் செல்லும். ஆனால் அது எங்கும் தோண்டுவதற்கான உரிமையன்று. வேறொருவருக்குச் சுரங்க உரிமம் உள்ள நிலத்தில், அந்த உரிமத்தின் வகைக்கு ஏற்ப, உரிமையாளரின் அனுமதியோ அரசுத் துறையின் தனி அனுமதியோ இல்லாமல் தேடுவது குற்றம். கால்கூர்லியில் தங்கத் திருட்டை விசாரிப்பதற்கென்றே காவல்துறையில் ஒரு தனிப்பிரிவு இயங்குகிறது. அந்தத் தாளை நம்பி நான் தனியாகப் போயிருந்தால், பணத்தை இழந்தவன் என்ற நிலையிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவன் என்ற நிலைக்கு வந்திருப்பேன்.

விற்றவரின் தொலைபேசி எண் இப்போது இயங்கவில்லை. வங்கியில் முறையிட்டேன், முன்பணத்தை நானே அனுப்பியதால் மீட்க இயலாது என்று பதில் வந்தது, ரொக்கத்துக்கோ சான்றே இல்லை. நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் கடைகளிடமும் வணிகர்களிடமும் வாங்கும் பொருளுக்கே கிடைக்கிறது. தனிநபர் ஒருவர் தம் பழைய பொருளை விற்கும்போது, அது தரமானதாக இருக்க வேண்டும் என்ற சட்ட உத்தரவாதம் வாங்குபவருக்குக் கிடைப்பதில்லை. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால், இன்னும் ஆயிரம் டாலர் கூடக் கொடுத்தாவது ரசீதும் உத்தரவாதமும் தரும் கடையில் பழைய கருவியை வாங்கியிருப்பேன். காவல்துறையிலும் ஸ்கேம்வாட்ச் அமைப்பிலும் புகார் பதிவு செய்திருக்கிறேன்.

பழைய கருவியை எவரிடமிருந்து வாங்குவதாக இருந்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் வரிசை எண்ணைப் படமெடுத்து அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் கேளுங்கள். முதலில் வாங்கிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்கே வந்து கருவியைக் காட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான கருவியை வைத்திருப்பவர் இதற்கு மறுக்க மாட்டார். நாணயத்தை ஆட்டிக் காட்டினால் அதை ஏற்காமல், சிறிய ஈயக் குண்டு ஒன்றைச் செம்மண்ணில் புதைத்து, சீராகக் கேட்கிறதா என்று பாருங்கள்.

இதை எழுதக் காரணம் இன்னொன்றும் உண்டு. சென்ற வாரம் வேறொரு பெயரில், கால்கூர்லிப் பக்கத்து முகவரியுடன், ஒரு ஜிபிஎக்ஸ் 5000 விற்பனைக்கு என்று விளம்பரம் வந்திருக்கிறது. இரண்டு முறை மட்டுமே பயன்படுத்தப்பட்டது, உடல்நலக் குறைவு என்ற அதே சொற்கள். படத்தில் இருக்கும் அட்டைப்பெட்டியின் இடது மூலையில் ஒரு கிழிசலும் அதன் மேல் பழுப்பு நிற ஒட்டுத்தாளும் தெரிகின்றன. அந்தப் பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. விளம்பரத்தின் நகலைக் காவல்துறைக்கு அனுப்பிவிட்டேன். 2025ஆம் ஆண்டில் பெர்த்திலோ கால்கூர்லியிலோ இதே விதமாகக் கருவி வாங்கியவர்கள் எவரேனும் இருந்தால், அதைத் தூக்கி எறிந்துவிடாமல், உரையாடல்களையும் வங்கிப் பதிவையும் அழிக்காமல் வைத்திருந்து, நீங்களும் புகார் கொடுங்கள்.