சர்வோ மாற்றப் போகிறீர்களா? கொட்டேஷனில் கிலோவாட்டை மட்டும் பார்க்காதீர்கள்

கோவையில் எங்கள் பட்டறையில் ஓடும் பழைய சாய்வு பெட் சி.என்.சி. லேத்தில் (படுக்கை சாய்வாக அமைந்த, கணினி வழி ஓடும் கடைசல் மெஷின்) டூலை நகர்த்த, பிரஷ் வைத்த டிசி சர்வோ மோட்டார்கள் (சொன்ன இடத்தில் துல்லியமாக நிற்பவை) இருந்தன. மோட்டாரை ஓட்டும் டிரைவின் கார்டுக்கு உதிரி கிடைக்காததால், ஏசி சர்வோவும் புதுக் கன்ட்ரோலரும் போட்டுத்தர ஒரு ரெட்ரோஃபிட் (பழைய மெஷினைப் புதுப்பிக்கும்) ஆளிடம் கொடுத்தோம். முக்கால் பங்கு பணம் முன்கூட்டியே போய்விட்டது. மெஷின் அசைகிறது, உற்பத்திதான் வரவில்லை. பேனலைத் திறந்து பார்த்ததில் தெரிந்தவை இவை. பெயர் போடவில்லை, இதே மாதிரி கொட்டேஷன் பலரிடமிருந்தும் வருகிறது.

முதல் ஏமாற்று மோட்டார் அளவில். டூலை நீளவாக்கில் நகர்த்தும் பழைய Z மோட்டாரின் தகட்டில் 0.8 கிலோவாட் என்று இருந்தது. அதைக் காட்டி 750 வாட் மோட்டார் போட்டார்கள். கேட்டால் "கிட்டத்தட்ட அதேதானே சார்" என்ற பதில். அதே தகட்டில் டார்க் (சுழற்று விசை) 60 கிலோ-செ.மீ. என்றும் இருந்தது, அதாவது சுமார் 5.9 நியூட்டன் மீட்டர். புது மோட்டாரின் 750 வாட் 3000 ஆர்பிஎம்மில் கணக்கிட்டது. அதன் டார்க் வெறும் 2.4 நியூட்டன் மீட்டர். எங்கள் Z பால் ஸ்க்ரூவின் (ஸ்லைடை நகர்த்தும் திருகுத் தண்டு) பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு நகரும் தூரம், 10 மி.மீ. நிமிடத்துக்கு 10 மீட்டர் ரேபிடில், அதாவது வெட்டாத வேக நகர்வில்கூட, மோட்டார் 1000 ஆர்பிஎம்தான் சுற்றும். அந்த வேகத்தில் அது தொடர்ந்து தரக்கூடியது 250 வாட். ஸ்க்ரூவில் கிடைக்கும் தள்ளுவிசை சுமார் 138 கிலோ. பழைய மோட்டாரில் 340 கிலோ கிடைத்தது.

டெமோவில் இது தெரியாது. சர்வோ மோட்டார் சில நொடிகளுக்கு மூன்று மடங்கு டார்க் தரும். அலுமினியத்தில் ஒரு சின்ன பீஸ் ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். EN8 ஸ்டீலில் 16 மி.மீ. டிரில் இறங்கினால் பாதியிலேயே ஓவர்லோடு அலாரம். இங்கே போட்டிருக்க வேண்டியது 2000 ஆர்பிஎம் வகையில் 1.5 கிலோவாட், டார்க் 7.16 நியூட்டன் மீட்டர். அதற்கு 130 மி.மீ. ஃபிளான்ஜ் (மோட்டாரைப் பொருத்தும் முகப்பு); இவர்கள் போட்டது 80 மி.மீ. ஆக, பிராக்கெட்டும் கப்ளிங்கும் மறுபடி செய்தாக வேண்டும்.

இரண்டாவது விஷயத்தில் உயிராபத்தே உண்டு. சாய்வு பெட்டில் குறுக்குவாக்கில் நகரும் X ஸ்லைடு, டூல்கள் மாட்டிய டரட்டோடு சேர்த்துத் தன் எடையிலேயே கீழே இறங்கும். அதனால் X மோட்டாருக்கு 24 வோல்ட் பிரேக் கட்டாயம். எங்களுக்கு வந்தது பிரேக் இல்லாத மோட்டார். டரட் விழுவது வெளியே தெரியாமல் இருக்க, எமர்ஜென்சி அழுத்தினாலும் டிரைவுக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படாதபடி வயரிங் செய்திருந்தார்கள். சிவப்பு பட்டன் கன்ட்ரோலருக்கு ஒரு சிக்னல் கொடுப்பதோடு சரி. உங்கள் மெஷினில் டரட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, டயல் கேஜையும் (நகர்வை அளக்கும் முள் கருவி) பொருத்திவிட்டு எமர்ஜென்சியை அழுத்திப் பாருங்கள். டிரைவின் மெயின் கான்டாக்டர் (மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்ச்) திறந்து மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும், ஸ்லைடு நிற்க வேண்டும். பிரேக் இருந்தும் அரை மி.மீ. இறங்கினால், பிரேக் பிடிக்கும் வரை சர்வோவைத் தாங்கவைக்கும் தாமத பாராமீட்டர் போடப்படவில்லை.

மூன்றாவது, அலாரமே வராமல் அளவு நகர்வது. புதுக் கன்ட்ரோலர், எவ்வளவு நகர வேண்டும் என்பதைப் பல்ஸாக (மின் துடிப்பு) அனுப்பும் வகை. மோட்டார் எங்கே இருக்கிறது என்பது டிரைவுக்குத்தான் தெரியும், கன்ட்ரோலருக்குத் தெரியாது. ஒரு பல்ஸுக்கு 1 மைக்ரான் என்றால் 10 மீட்டர் ரேபிடுக்கு நொடிக்கு 1,67,000 பல்ஸ் போக வேண்டும். இவர்கள் கொடுத்த ஓப்பன் கலெக்டர் (ஒற்றை வயர் சிக்னல்) இணைப்பின் எல்லை பொதுவாக 2 லட்சம்தான். அந்த வயரையும் ஸ்பிண்டில் (பீஸைச் சுழற்றும் தண்டு) வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரின் கேபிளோடு ஒரே டக்டில் (வயர் செல்லும் பாதை) விட்டிருந்தார்கள்; அதன் மின் இரைச்சலில் பல்ஸ் பிசகும். நாற்பது பீஸில் Z 0.03 மி.மீ. தள்ளிப்போனது. "பேக்லாஷ் சார், ஸ்க்ரூ மாத்துங்க" என்றார்கள். ஸ்க்ரூ மேல் தவறில்லை. பேக்லாஷ் (ஸ்க்ரூவில் உள்ள தளர்வு) என்றால் திசை மாறும்போது மட்டும் ஒரே அளவு பிசகும். பீஸுக்கு பீஸ் கூடிக்கொண்டே போகாது. டயலை வைத்து, ஸ்பிண்டில் ஓடும்போது 50 மி.மீ. ரேபிடில் நூறு தடவை போய்வரச் செய்து, முள் தொடங்கிய இடத்துக்கே வருகிறதா என்று பாருங்கள். லைன் டிரைவர் (இரட்டை வயர் சிக்னல்) வெளியீடு, ஷீல்டு உள்ள முறுக்கு ஜோடி வயர், தனி டக்ட் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

ஸ்பிண்டிலுக்கு எதையோ ஓர் இன்வெர்ட்டர் போட்டு, அது சுற்றும் நிலையைச் சொல்லும் என்கோடரை விட்டுவிட்டார்கள். என்கோடர் இல்லாமல் G76 த்ரெட்டிங் (மரை வெட்டும் கட்டளை) கிடையாது. இரண்டாவது பாஸ் முதல் பாஸின் பள்ளத்திலேயே விழாது.

டிரைவ் புதியதா என்பதை ஸ்டிக்கரைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். பல டிரைவ்களில் அலாரம் ஹிஸ்டரி இருக்கும். நம்முடையதில் மெஷினில் மாட்டிய முதல் நாளுக்கு முன்பே அலாரங்கள் பதிவாகியிருந்தன. லேடருக்கு (மெஷினின் பட்டன், அலாரங்களை இயக்கும் புரோகிராம்) பாஸ்வேர்டு போட்டுவிட்டு பேக்கப் தராமல் போவதும் வழக்கம். மீதிப் பணம் நம் கையில் இருக்கும்போதே லேடர், பாராமீட்டர் ஃபைல், பேனல் டிராயிங் மூன்றையும் வாங்கிவிட வேண்டும்.

பழைய சாமான் கதை வேறு. "ஸ்கிராப்தானே, நாங்களே எடுத்துட்டுப் போறோம்" என்று டிசி மோட்டார்கள், டிரைவ், கார்டுகள் அத்தனையையும் வண்டியில் ஏற்றினார்கள். அதே மாடல் மெஷினை இன்னும் ஓட்டுபவர்கள் அந்த உதிரிகளை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். பேனல் கதவின் உள்பக்கம் இருந்த பாராமீட்டர் தாளும் அவர்களோடு போய்விட்டது. பழையபடி மாட்டி ஓட்டலாம் என்றாலும் இப்போது முடியாது.