சின்ன கேமரா கேட்டுப் போனால் டிஎஸ்எல்ஆரைத் தலையில் கட்டுகிறார்கள், ஜாக்கிரதை

முதல் கேமரா வாங்கப் போகிறவர்கள், அதிலும் லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய டிஎஸ்எல்ஆரா, பாக்கெட்டில் அடங்குகிற சின்ன கேமராவா என்று இன்னும் முடிவுக்கு வராதவர்கள், கடை வாசல் மிதிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அந்தக் குழப்பத்தை வைத்தே காசு பார்க்கிற கடைகள் இருக்கின்றன. சென்னையில் அப்படி ஒரு கடையில் என் தங்கையும் நானும் மாட்டினோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்ததை விடாமல் எழுதுகிறேன்.

தங்கைக்குக் கோயில் சிற்பங்கள் என்றால் உயிர். தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சாவூர் என்று பஸ் ஏறிப் போய்விடுவாள், மண்டபத் தூண்களில் இருக்கிற சின்னச் சின்னச் சிற்பங்களைப் பக்கத்தில் போய்ப் படம் எடுப்பாள். உள்ளே வெளிச்சம் கம்மி, தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிற இடங்களில் அனுமதி வாங்காமல் ஸ்டாண்டு போட விடமாட்டார்கள், அதனால் எல்லாமே கையில் பிடித்து எடுக்க வேண்டிய படங்கள். இதையெல்லாம் யோசித்துப் பல வாரம் படித்துப் பார்த்துத்தான் சோனி ஆர்எக்ஸ்100 முதல் மாடல் போதும் என்று முடிவு செய்திருந்தாள். 2012-இல் வந்த பழைய கேமராதான். ஆனால் ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார் ஒரு அங்குல வகை, லென்ஸ் விரிகோணத்தில், அதாவது ஜூம் செய்யாதபோது, எஃப்/1.8 வரை திறக்கும் (இந்த எண் சின்னதாக இருந்தால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்), பேட்டரியோடு சேர்த்தே 240 கிராம்தான், ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம். கடைக்குப் போன் செய்து கேட்டோம், "இருக்கு சார், வாங்க" என்றார்கள்.

போனதும் "அது இப்பதான் சார் போச்சு, ஸ்டாக் இல்ல" என்றார் விற்பனையாளர். சரி, கிளம்பலாம் என்று திரும்பினால், "மேடம் ஒரு நிமிஷம், சின்ன கேமரா எதுக்கு? மொபைலே போதுமே. உங்க பட்ஜெட்லயே ஒரிஜினல் டிஎஸ்எல்ஆர் வாங்கலாம். நான் சொல்ல வேண்டாம், நீங்களே கண்ணால பாருங்க" என்று கேனான் இக்ஸஸ் 185 என்ற ஒரு சின்ன கேமராவையும் கேனான் 1500டி என்ற டிஎஸ்எல்ஆரையும் எடுத்து மேசை மேல் வைத்தார். "நீங்க கேட்டதும் 20 மெகாபிக்சல், இதுவும் 20 மெகாபிக்சல், ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்றார், இக்ஸஸைக் காட்டி.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏமாற்று தொடங்குவது இங்கேதான். மெகாபிக்சல் ஒன்றாக இருக்கலாம், சென்சார் ஒன்று இல்லை. இக்ஸஸ் 185-இன் சென்சார் சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100-இன் சென்சார் 13.2க்கு 8.8. பரப்பளவைப் பெருக்கிப் பாருங்கள், நாலு மடங்கு வித்தியாசம். 1500டி-யின் ஏபிஎஸ்-சி சென்சார் 22.3க்கு 14.9, அதாவது இக்ஸஸைவிடப் பன்னிரண்டு மடங்கு பெரியது, ஆனால் ஆர்எக்ஸ்100-ஐவிடப் பெரியது மூன்று மடங்குக்கும் கொஞ்சம் குறைவாகத்தான். "சின்ன கேமரா" என்ற ஒரே பெயரில் இரண்டையும் சேர்த்து, நாம் கேட்காத மட்ட ரகத்தைக் காட்டி, நாம் கேட்டதையே வேண்டாம் என்று சொல்ல வைக்கிறார்கள். இக்ஸஸ் தன் விலைக்கு நல்ல கேமராதான், பகல் வெளிச்சத்தில் குடும்பப் படம் எடுக்கிறவர்களுக்குப் போதும். அதைக் குறை சொல்லவில்லை.

அடுத்து செய்துகாட்டினார். இக்ஸஸை முழுக்க ஜூம் செய்து கடையின் இருட்டு மூலையில் இருந்த பொம்மையை எடுத்தார். அந்த லென்ஸ் ஜூமின் கடைசியில் எஃப்/6.9-க்கு மேல் திறக்காது, கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஆப்டிகல் வசதியும் அந்த மாடலில் கிடையாது, படம் புள்ளி புள்ளியாக, கலங்கி வந்தது. அதே பொம்மையை 1500டி-யில் எடுத்தார், பின்னணி அப்படியே கரைந்து, பொம்மையின் கண் மட்டும் பளிச்சென்று வந்தது. தங்கை அசந்துபோய், "இதே லென்ஸ்தானே பாக்ஸ்ல வரும்?" என்று நேராகவே கேட்டாள். "அதே செட்டுதான் மேடம், சந்தேகமே வேண்டாம்" என்றார். அந்தப் படத்தை வைஃபை வழியாக அவள் மொபைலுக்கும் அனுப்பினார். பின்னால் எங்களுக்குக் கை கொடுத்ததே அந்தப் படம்தான்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தால் 50 மில்லிமீட்டர், எஃப்/1.8 என்று இருக்கிறது. அதாவது கேமராவில் அவர் மாட்டியிருந்தது தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய 50 எம்எம் லென்ஸ். பாக்ஸில் கொடுத்தது 18-55 ஜூம், அதில் நீங்கள் எந்த இடத்தில் வைத்தாலும் எஃப்/3.5-க்கு மேல் திறக்க முடியாது, 55-இல் வைத்தால் 5.6தான். 1.8-க்கும் 5.6-க்கும் நடுவே வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துபோகும். கடையில் பார்த்த படத்தை அந்த ஜூம் லென்ஸால் என்ன செய்தாலும் எடுக்க முடியாது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், இதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார். பெரிய சென்சார் என்றால் இருட்டில் எப்போதும் ஜெயிக்கும் என்பது பாதி உண்மைதான், லென்ஸ் எவ்வளவு திறக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விரிகோணத்தில் ஆர்எக்ஸ்100-இன் எஃப்/1.8, பாக்ஸோடு வருகிற 18-55 கிட் லென்ஸின் எஃப்/3.5-ஐவிட கிட்டத்தட்ட நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சென்சார் மூன்று மடங்கு சின்னது என்ற குறையை அது ஈடுகட்டிவிடுகிறது. ஜூம் செய்து எடுத்தால் நிலைமை மாறும், சின்ன கேமராவின் லென்ஸ் எஃப்/4.9-க்கு இறங்கிவிடும், அங்கே டிஎஸ்எல்ஆர் முந்திவிடும். தங்கை எடுப்பது பெரும்பாலும் பக்கத்தில் நின்று விரிகோணத்தில்தான். அவளுடைய தேவைக்கு அவள் முதலில் எடுத்த முடிவு மிகச் சரி. அதைத்தான் இவர்கள் பொய் சொல்லிக் கலைத்தார்கள், என் கோபமே அதில்தான்.

அதற்காக டிஎஸ்எல்ஆர் வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஓடுகிற குழந்தைகளை எடுக்க வேண்டும், வியூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார்த்து எடுக்கப் பிடிக்கும், நாளைக்கு வேறு லென்ஸ் வாங்கும் எண்ணம் உண்டு என்றால் அது நல்ல தேர்வு. வேடந்தாங்கலில் பறவை எடுக்க ஆசைப்படுகிறவர்களும் ஒருநாள் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டுகிற 55-250 மாதிரி ஒரு லென்ஸ் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், சின்ன கேமராவில் அது நடக்காது. ஆனால் லென்ஸோடு சேர்த்து 650 கிராமுக்கு மேல் கழுத்தில் தொங்கும், அதைத் தூக்கிக்கொண்டு போவீர்களா என்பதை வீட்டிலேயே யோசித்துவிட வேண்டும்.

சரி, கடைக்கு வருகிறேன். 41,500 ரூபாய்க்கு "மூணு லென்ஸ் காம்போ" என்று கொடுத்தார்கள். 18-55 போக, ஒரு "வைடு லென்ஸ்", ஒரு "டெலி லென்ஸ்", ஃபிளாஷ், ஸ்டாண்டு, 64 ஜிபி கார்டு, பை. டெலி லென்ஸை வைத்து வேடந்தாங்கல் பறவையைக்கூட எடுக்கலாம் என்று வேறு சொன்னார். அந்த இரண்டும் லென்ஸே இல்லை. கிட் லென்ஸின் முன்பக்கம் இருக்கிற 58 எம்எம் மரையில் திருகி மாட்டுகிற கண்ணாடி வளையங்கள். மாட்டினால் ஓரமெல்லாம் நீலமும் சிவப்புமாகச் சிதறி, படத்தின் நடு மட்டும் ஏதோ தெரிகிறது. உண்மையான லென்ஸ் கேமரா உடம்பில் நேராக மாட்டும், இன்னொரு லென்ஸின் மூக்கில் மாட்டாது. இதை மட்டும் நினைவில் வைத்தாலே இந்த காம்போ வலையில் விழ மாட்டீர்கள்.

ஃபிளாஷ் எரியவே இல்லை. போன் செய்தால் "செட்டிங்ல ஆன் பண்ணணும் மேடம்" என்கிறார்கள். 1500டி-யின் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடுப் பின்னையே கேனான் வைக்கவில்லை, அதனால் அந்த ஒற்றைப் பின்னை நம்பியிருக்கும் மலிவான ஃபிளாஷ்கள் அதில் வேலை செய்யாது, எந்த செட்டிங்கும் உதவாது. கேமரா விற்கிற கடைக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. மெமரி கார்டும் போலி. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தோம், 64 ஜிபி என்று காட்டுகிற கார்டில் நிஜமாக நிற்பது அதில் ஒரு சின்னப் பங்குதான், அதற்கு மேல் எடுக்கிற படமெல்லாம் போய்ச்சேரும் இடமே கிடையாது. ஒரு முழு நாள் தஞ்சாவூரில் எடுத்த படங்கள் அப்படிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

இதைவிட மோசம் 18-55 லென்ஸ். பாக்ஸில் 18-55 ஐஎஸ் 2 என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே இருந்தது 18-55 3. எண் பெரிதாக இருப்பதால் புதுசு போலத் தோன்றும், ஆனால் அதில் ஐஎஸ் இல்லை, அதாவது கை நடுக்கத்தைச் சமாளிக்கிற பாகமே இல்லை. கையில் பிடித்து இருட்டு மண்டபத்தில் எடுக்கிற ஒருத்திக்கு அது எவ்வளவு முக்கியம்! கண்டுபிடிப்பது சுலபம். ஐஎஸ் லென்ஸின் பக்கவாட்டில் இரண்டு சுவிட்சு இருக்கும், ஒன்று ஃபோகஸுக்கு, இன்னொன்று ஸ்டெபிலைசருக்கு. ஐஎஸ் இல்லாததில் ஒரே ஒரு சுவிட்சுதான். நிக்கானிலும் இப்படி 18-55 இரண்டு விதம் உண்டு, அங்கே விஆர் என்ற இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். "செக் பண்ணிக் கொண்டுவரேன்" என்று பாக்ஸை உள்ளே எடுத்துப் போனபோதுதான் மாற்றியிருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்தவர் லென்ஸைக் கையில் வாங்கியதுமே "இது இந்த பாக்ஸோட லென்ஸ் இல்ல சார், இப்படி நிறைய பேர் கொண்டு வராங்க" என்றார்.

கேமராவும் புதுசு இல்லை என்றே நினைக்கிறேன். காலி கார்டைப் போட்டு எடுத்த முதல் படத்தின் எண்ணே ஆயிரத்தைத் தாண்டி இருந்தது. கேனானில் படங்களின் எண் தொடர்ச்சியாக ஏறிக்கொண்டே போகும், கார்டை மாற்றினாலும் கேமரா அதை நினைவில் வைத்திருக்கும், புதுப் பெட்டியிலிருந்து எடுத்தது 0001-இல் தொடங்க வேண்டும். கடையில் ஷோ பீஸாக வைத்திருந்ததை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணை அழித்துத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கவும் முடியும் என்பதால், 0001 என்று வந்தாலே புதுசு என்று முழுசாக நம்பிவிடவும் வேண்டாம்.

பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில் போட்டா 18 பர்சன்ட் மேல வரும் சார்" என்று எஸ்டிமேட் என்று போட்ட துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். திரும்பவும் கேட்டோம், "சிஸ்டம் டவுன், வாட்ஸ்அப்ல அனுப்பறேன்" என்றார்கள், வரவே இல்லை. பாக்ஸில் போட்டிருக்கிற எம்ஆர்பி-யே எல்லா வரியும் சேர்த்ததுதான், அதற்கு மேல் வரி கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. ஜிஎஸ்டி எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 15 இருக்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். அது இல்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு வாரண்டி கேட்டு அலைய வேண்டிவரும். பாக்ஸில் இந்தியாவில் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் ஒட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

திரும்பப் போய்க் கேட்டபோது "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று எழுதி மாட்டியிருந்த பலகையைக் காட்டினார் முதலாளி. அந்தப் பலகையைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காததே நியாயமற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான், பில்லில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்தோம். அதற்கு அப்புறம்தான் கடையிலிருந்தே அழைப்பு வந்தது, குரலும் மாறியிருந்தது. லென்ஸை மட்டும் ஐஎஸ் லென்ஸாக மாற்றித் தந்தார்கள், பில்லும் வந்தது, அதில் நாங்கள் கொடுத்ததைவிடக் குறைந்த தொகை போட்டிருந்தது. யுபிஐ-யில் பணம் போனதற்கான பதிவு எங்களிடம் இருந்ததால் அதையும் மறுக்க முடியவில்லை. பணம் போய்ச்சேர்ந்த பெயர் கடையின் பெயரே இல்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தோம். ரொக்கமாகக் கொடுங்கள், கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்றால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

மீதித் தொகைக்கும், புதுசு என்று சொல்லி விற்ற கேமராவுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமலே நாமே வாதாடலாம், பொருள் வாங்கிய ஊரில்தான் போட வேண்டும் என்றும் இல்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். துண்டுச் சீட்டு, யுபிஐ பதிவு, பாக்ஸ், லென்ஸின் எண் தெரிகிற படம், அந்த பொம்மைப் படம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், லென்ஸை மாற்றித் தருகிறோம் என்று கடைக்காரர் கூப்பிட்டால், கொடுக்கும் முன் பழைய லென்ஸை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.